வேறு வேலையிலிருந்து வீட்டுப் பராமரிப்பு உதவியாளராக மாறுவது எப்படி?

ஆஸ்பத்திரி வார்டில் ஒரு பெரியவருக்கு மூச்சு வாங்கினால் அழுத்த ஒரு மணி இருக்கிறது. பத்தடி தூரத்தில் நர்ஸ் இருக்கிறார், டூட்டி டாக்டர் வந்துவிடுவார். வீட்டில் அந்த நேரத்தில் அறைக்குள் இருப்பது பராமரிப்பு உதவியாளர் ஒருவர்தான். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் இந்த வேலையில் உண்டு. ஆனால் நேற்று இருந்ததற்கும் இன்று இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடித்து, உரியவரிடம் உரிய நேரத்தில் சொல்வதுதான் இதன் உயிர்நாடி. வேறு தொழிலில் இருந்து வருகிறவர்கள் இதை முதலிலேயே மனத்தில் வாங்கிக்கொண்டால், பயிற்சியில் எதை அழுத்தமாகப் படிக்க வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

பழைய வேலையை விடும் முன்

முதலில் உங்கள் உடம்பைப் பாருங்கள். நாள் முழுவதும் குனிந்து நிமிரும் வேலை இது. இடுப்பு வலியோ முழங்கால் தேய்மானமோ ஏற்கெனவே இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள். ரப்பர் கையுறை போட்டால் கை அரிக்கிறதா என்று பாருங்கள். அரித்தால் இயற்கை ரப்பர் இல்லாத நைட்ரைல் கையுறையோடுதான் வேலை செய்ய வேண்டியிருக்கும். மலம், சிறுநீர், வாந்தி, சீழ் இவற்றின் வாடை பலருக்கு முதல் சில நாட்கள் குமட்டும், பிறகு பழகிவிடும். சிலருக்குப் பழகவே பழகாது. இதைத் தெரிந்துகொள்ள ஒரு முதியோர் இல்லத்தில் இரண்டு மூன்று வாரம் தொண்டு செய்து பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை. அங்கே காலை நேரத்தில் போங்கள். குளியல், டயாப்பர் மாற்றுவது, உணவு எல்லாம் அப்போதுதான் நடக்கும்.

சொந்த அம்மாவையோ அப்பாவையோ பார்த்துக்கொண்ட அனுபவம் நிச்சயம் கைகொடுக்கும். ஆனால் அதை மட்டும் நம்பி வரக் கூடாது. வீட்டில் நாம் பழகிய முறைகள் பல தவறானவை. கக்கத்தில் கைகொடுத்துத் தூக்குவது, சிவந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்ப்பது, படுத்தபடியே வாயில் தண்ணீர் ஊற்றுவது இதெல்லாம் அந்த வகை. மாறாக, தொழிற்சாலையில் ஷிப்ட் ஒப்படைப்புக் குறிப்பு எழுதியவர்களுக்கும், ஓட்டலில் அடுத்தவர் அறைக்குள் நாசூக்காக வேலை செய்தவர்களுக்கும், ஒரே விஷயத்தைப் பத்து முறை முகம் சுளிக்காமல் விளக்கிய ஆசிரியர்களுக்கும் இந்த வேலைக்கு வேண்டிய பாதிப் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. வேலை கேட்கும்போது அதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

தடுப்பூசியைப் பலரும் கடைசியில்தான் நினைக்கிறார்கள். ரத்தம் வழியே பரவும் கல்லீரல் தொற்றான ஹெபடைடிஸ் பி-க்கான தடுப்பூசி வழக்கமாக மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, முதல் ஊசியிலிருந்து ஆறாம் மாதம் மூன்றாவது. கடைசி ஊசி போட்டு ஒன்று அல்லது இரண்டு மாதம் கழித்து, எதிர்ப்புச் சக்தி உருவாகியிருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஆக, வேலை மாறலாமா என்று யோசிக்க ஆரம்பிக்கும் மாதத்திலேயே முதல் ஊசியைப் போட்டுக்கொள்வது நல்லது. காசநோய்ப் பரிசோதனை, காவல்துறை நன்னடத்தைச் சான்று, அடையாள ஆவணங்கள் ஆகியவற்றையும் அதே கையோடு தயார் செய்யுங்கள்.

மூன்று மாதச் செலவுக்காவது கையில் பணம் இருக்கட்டும். பயிற்சிக் காலத்தில் வருமானம் இருக்காது. வேலையில் சேர்ந்த பிறகும் ஒரு நோயாளி குணமாகிவிட்டாலோ காலமாகிவிட்டாலோ அடுத்த வீடு கிடைக்கும்வரை இடைவெளி வரும்.

பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது

எவ்வளவு படிக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) அங்கீகாரம் பெற்ற வீட்டு மருத்துவ நிறுவனங்களில் உதவியாளராகச் சேர, மத்திய அரசின் விதிப்படி குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும். அதில் குறைந்தது 16 மணி நேரம் மேற்பார்வையில் செய்யும் செய்முறை. சேர்ந்த பிறகும் ஆண்டுக்கு 12 மணி நேரம் தொடர்பயிற்சி உண்டு. சில மாநிலங்கள் இதைவிட அதிகம் கேட்கின்றன. இந்தியாவில் சுகாதாரத் துறைக்கான திறன் பயிற்சி அமைப்பான ஹெல்த்கேர் செக்டார் ஸ்கில் கவுன்சிலின் பாடத்திட்டத்தில் ‘ஹோம் ஹெல்த் எய்ட்’, ‘ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்’ என்ற இரண்டு பயிற்சிகள் இருக்கின்றன. வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால், அந்த நாட்டில் எந்தச் சான்றிதழ் செல்லும் என்று முதலில் கேட்டுவிட்டுப் பிறகு இங்கே பணம் கட்டுங்கள். வரிசை மாறினால் ஒரே படிப்பை இரண்டு முறை படிக்க நேரிடும்.

பயிற்சி நிலையத்துக்கு நேரில் போய்ச் சில கேள்விகள் கேளுங்கள். பாடம் எடுப்பவர் பதிவுபெற்ற செவிலியரா? செய்முறைக்கு உண்மையான கட்டில், வீல்சேர், பொம்மை உடல் இருக்கின்றனவா? எத்தனை மணி நேரம் மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ வேலை பார்க்க விடுவார்கள்? ஒரு செவிலியரின் கண் முன்னால் எத்தனை பேரைக் குளிப்பாட்டி, எத்தனை பேரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றிப் பழகுவீர்கள்? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராத இடத்தில் சேர வேண்டாம். இந்தத் தொழில் புத்தகத்தில் பாதிகூட இல்லை. சான்றிதழோடு முதலுதவியும் சிபிஆரும் (இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் உயிர்காப்பு முறை) தனியாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இந்தச் சான்றிதழ் உங்களைச் செவிலியராக ஆக்குவதில்லை. வீட்டில் எல்லோரும் ‘நர்ஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் நாளே, “நான் பராமரிப்பு உதவியாளர், ஊசி போடுவதும் மருந்தின் அளவை மாற்றுவதும் என் வேலையில் இல்லை” என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் வேலை செய்ய மறுக்கிறீர்கள் என்று தோன்றும்.

வேலையை ஒப்புக்கொள்ளும் முன் கேட்க வேண்டியவை

ஏஜென்சி மூலம் போனாலும் நேரடியாகக் குடும்பத்தோடு பேசினாலும் இவற்றைக் கேட்காமல் வீட்டுப்படி ஏறாதீர்கள்: நோயாளியின் எடை, தானாக எழுந்து உட்கார முடியுமா, சிறுநீர்க் குழாயோ மூக்குவழி உணவுக் குழாயோ இருக்கிறதா, தொற்றுநோய் ஏதும் உண்டா, மருந்து கொடுப்பது யார் பொறுப்பு, மொத்தம் எத்தனை மணி நேரம், இரவில் எத்தனை முறை எழுந்திருக்க வேண்டும், நீங்கள் ஓய்வெடுக்க இடம் எது, வீட்டு வேலையில் எது உங்களுடையது, எது இல்லை, உங்களுக்கு உடம்பு சரியில்லாத நாளில் யார் வருவார். எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். நோயாளியின் துணி துவைப்பதில் ஆரம்பித்து மொத்தக் குடும்பத்துக்கும் சமைப்பதில் முடிகிற வீடுகள் இருக்கின்றன. அங்கே முதலில் அடிபடுவது நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுகிற வேலைதான்.

முதல் நாள்

நோயாளிக்கு என்னென்ன, எப்போது, எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கும் பராமரிப்புத் திட்டத் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அவசர எண்கள், குடும்பத்தில் முடிவெடுப்பவரின் எண், மருத்துவரின் எண் இவற்றைச் செல்பேசியில் மட்டும் வைக்காமல் சுவரிலும் ஒட்டுங்கள். கட்டிலிலிருந்து கழிவறைவரை நடந்து பாருங்கள். சுருண்ட கால்மிதி, தரையில் கிடக்கும் வயர், எரியாத விளக்கு, ஈரத் தரை இவற்றால் விழுந்துதான் பலருக்கு இடுப்பெலும்பு முறிகிறது.

பிறகு அந்த மனிதரின் ‘வழக்கத்தை’ எழுதுங்கள். பேச்சு தெளிவா, குழறலா? சிரித்தால் வாய் ஒரு பக்கம் கோணுமா? நாள், கிழமை தெரியுமா? எத்தனை அடி நடப்பார்? ஒரு வேளைக்கு எவ்வளவு சாப்பிடுவார்? சிறுநீரின் நிறம் என்ன? காலில் வீக்கம் உண்டா? முதுகு, இடுப்பு, குதிகால் தோல் எப்படி இருக்கிறது? ஏற்கெனவே இருக்கும் காயங்களைத் தேதியோடு குறித்து, குடும்பத்தாரிடமும் காட்டிவிடுங்கள். இந்த ஒரு பக்கம் இல்லாவிட்டால், பத்தாம் நாள் “கொஞ்சம் சோர்வாக இருக்கிறார்” என்று நீங்கள் சொல்வதற்கு அர்த்தமே இருக்காது.

எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். குழந்தையிடம் பேசுவதுபோல் பெரியவர்களிடம் பேச வேண்டாம். பேசவே முடியாத நிலையில் இருப்பவருக்கும் காது கேட்கும் என்று எண்ணியே நடந்துகொள்ளுங்கள். “இப்போது இடது பக்கம் திருப்பப் போகிறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும்.

கை கழுவுவது

சோப்பும் தண்ணீரும் என்றால் மொத்தம் 40 முதல் 60 விநாடி, ஆல்கஹால் கலந்த கைத்தேய்ப்புத் திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நோயாளியைத் தொடும் முன், குழாய் அல்லது புண் தொடர்பான சுத்தமான வேலைக்கு முன், உடல் திரவம் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவருடைய கட்டில், மேசை போன்றவற்றைத் தொட்ட பின் என ஐந்து தருணங்கள். வயிற்றுப்போக்கு இருந்தால் சோப்புதான். அதை உண்டாக்கும் சில கிருமிகளின் வித்துகளை ஆல்கஹால் கொல்லாது. கையுறையைக் கழற்றிய பிறகும் கழுவ வேண்டும். டயாப்பர் மாற்றிய அதே கையுறையோடு தண்ணீர் டம்ளரை எடுப்பது புதியவர்கள் அடிக்கடி செய்கிற பிழை.

கட்டிலிலிருந்து வீல்சேருக்கு

உதவியாளர்களின் முதுகு போவது இங்கேதான். நோயாளியைக் கையால் தூக்குவதற்கான பாதுகாப்பு எல்லை ஏறக்குறைய 16 கிலோ என்று அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். வளர்ந்த மனிதரின் ஒரு காலே அந்த எடைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். ஆகவே தூக்குவது என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். அவர் எழுந்து நிற்க நீங்கள் வழிநடத்துகிறீர்கள், அவ்வளவுதான். கொஞ்சமும் நிற்க முடியாதவர் என்றால் இரண்டாவது ஆள் வேண்டும், அல்லது தூக்கும் இயந்திரம் வேண்டும். ‘இன்று ஒருநாள் மட்டும்’ என்று தனியாக முயல வேண்டாம்.

வீல்சேரை அவருடைய பலமான பக்கத்தில், கட்டிலுக்குச் சற்றுச் சாய்வாக ஒட்டி நிறுத்துங்கள். இரண்டு பிரேக்கையும் போட்டு, ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். கால்தாங்கிகளை விலக்குங்கள். யூரின் பேக் இருந்தால் அதை முதலில் வீல்சேர் பக்கம் மாற்றுங்கள். மறந்தால் எழுந்து நிற்கும்போது குழாய் இழுபட்டு ரத்தம் வரும். அவரைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து ஓரிரு நிமிடம் காத்திருங்கள். படுத்திருந்தவர் சட்டென எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும். வெறும் காலுறையோடு நிற்க விடாதீர்கள், வழுக்காத செருப்பு போடுங்கள். பாதங்கள் இரண்டும் தரையில் பதிந்து, முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும்.

இடுப்பில் உடைக்கு மேல் தாங்குப் பட்டையைக் கட்டி, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கக்கத்தில் பிடித்தால், பக்கவாதம் வந்த தோள் எளிதாகப் பிசகிவிடும். உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ளவும் விடாதீர்கள். உங்கள் முழங்காலால் அவருடைய பலவீனமான முழங்காலுக்கு அணை கொடுங்கள். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும் அளவு முன்னால் குனியச் சொல்லி, “ஒன்று, இரண்டு, மூன்று” என்று எண்ணி எழுப்புங்கள். நின்றதும் உங்கள் இடுப்பை முறுக்காமல் சின்னச் சின்ன அடியாக வைத்துச் சேர்ந்து திரும்புங்கள். நாற்காலி அவருடைய காலின் பின்புறத்தில் இடித்ததும், கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு மெல்ல உட்காரச் சொல்லுங்கள்.

நடுவில் கால் மடங்கிச் சரிந்தால், தடுத்து நிறுத்தப் பார்க்காதீர்கள், இருவரும் விழுவீர்கள். உங்கள் ஒரு காலை முன்னால் வைத்து, அதன் மேலேயே அவரை வழுக்கவிட்டுத் தரையில் இறக்குங்கள். தலை மோதாமல் மட்டும் பாருங்கள். விழுந்தவரை உடனே தூக்கவும் கூடாது. ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிவாக இருக்கலாம், அசைக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூளைக்குள் ரத்தக் கசிவு மணிக்கணக்கில் கழித்தும் வெளிப்படும்.

படுக்கைப் புண்

ஒரு புண் வந்தால் ஆற மாதங்கள் ஆகும், வராமல் தடுக்க வேண்டியதோ ஒழுங்கு மட்டுமே. தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிலை மாற்ற வேண்டும் என்பது பொது வழக்கம். பராமரிப்புத் திட்டத்தில் வேறு இடைவெளி இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். வலது, மல்லாக்க, இடது என்று மணியோடு ஒரு அட்டவணை எழுதித் தொங்கவிடுங்கள். பக்கவாட்டில் படுக்க வைக்கும்போது முழு 90 டிகிரி திருப்பினால் இடுப்பின் பக்கவாட்டு எலும்பில் மொத்தப் பாரமும் இறங்கும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வு போதும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் எதிலும் படாமல் நிற்கும். மேலே நகர்த்தும்போது உடம்பை இழுக்காமல், இடுப்புக்கு அடியில் விரித்த துணியைப் பிடித்து இருவராக நகர்த்துங்கள். வெறுமனே இழுத்தால் தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு மட்டும் நகரும். அந்த உரசலில் உள்சதை கிழிவது வெளியே தெரியாது.

காலையும் மாலையும் பின்னிடுப்பு, குதிகால், தோள்பட்டை, காதுமடல் என்று பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துவிட்டுத் திரும்பவும் சிவந்தால் அழுத்தத்தைக் குறைத்தால் போதும். வெளுக்காமல் அப்படியே சிவந்து நின்றால் அது புண்ணின் முதல் நிலை, அன்றே செவிலியரிடம் சொல்ல வேண்டும். கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிட அங்கே சூடாகவோ, கெட்டியாகவோ, கருநீலமாகவோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணை வேண்டாம், அது சுற்றுவட்டத்தில் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது, பயிற்சியில் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். கட்டிலின் தலைப்பக்கம் 30 டிகிரிக்கு மேல் உயர்ந்தால் உடம்பு சறுக்கிப் பின்னிடுப்பில் உரசல் கூடும். ஆனால் குழாய்வழி உணவு எடுப்பவருக்கு, உணவு நுரையீரலுக்குப் போகாமல் இருக்க 30 முதல் 45 டிகிரி உயர்வு வேண்டும். இரண்டும் உள்ள நோயாளிக்கு எந்த நேரத்தில் எந்த அளவு என்று செவிலியரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

குளியல், உடை, வாய்

தண்ணீரின் சூட்டை உங்கள் மணிக்கட்டின் உட்பக்கத்தில் பாருங்கள். 40 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டாம். சர்க்கரை நோயால் கால் மரத்தவருக்குச் சுட்டாலும் தெரியாது. படுக்கையில் துடைத்துவிடும்போது கண், முகம், கைகள், மார்பு, வயிறு, கால்கள், முதுகு, கடைசியாகப் பிறப்புறுப்பும் ஆசனவாயும் என்பது வரிசை. கண்ணை மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, ஒவ்வொரு கண்ணுக்கும் துணியின் வெவ்வேறு மூலையால் துடையுங்கள். பெண்களுக்குக் கீழ்ப்பகுதியை முன்னிருந்து பின்னாக மட்டும் சுத்தம் செய்யுங்கள். திசை மாறினால் சிறுநீர்த் தொற்று வரும். துடைக்கிற பகுதியைத் தவிர மற்றதைப் போர்த்தியே வையுங்கள். கால்விரல் இடுக்கை ஈரம் போக ஒற்றி எடுங்கள், அங்கே மட்டும் க்ரீம் தடவ வேண்டாம்.

உடை போடும்போது பலவீனமான கை முதலில், கழற்றும்போது பலவீனமான கை கடைசியில்.

வாயைச் சுத்தம் செய்வதைத் தள்ளிப்போடாதீர்கள். வாயில் சேரும் கிருமி எச்சிலோடு நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் முடியும். நினைவில்லாதவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மிகக் குறைந்த ஈரத்தோடு செய்யுங்கள். பல்செட்டைக் கழுவும் தொட்டியில் தண்ணீரோ துண்டோ இருக்கட்டும், கை நழுவினாலும் உடையாது. வெந்நீர் வேண்டாம், வடிவம் மாறிவிடும்.

ஊட்டுவது

நிமிர்ந்து உட்கார வைத்து, தாடையைச் சற்றுக் கீழே இறக்கி, சிறு கரண்டியால் கொடுங்கள். ஒரு வாய் விழுங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்தது. நின்றுகொண்டு ஊட்டினால் அவர் தலையை அண்ணாந்து பார்ப்பார், அப்போதுதான் புரையேறும். ஆகவே நீங்களும் எதிரே உட்காருங்கள். பக்கவாதம் வந்தவர் பலவீனமான கன்னத்தில் உணவை அடக்கி வைத்திருப்பார், கடைசியில் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். சாப்பிட்டு முடித்து அரை மணி நேரமாவது உட்கார்ந்தே இருக்கட்டும். இருமல் வந்தால் மட்டும்தான் உணவு தப்பிப் போனது என்றில்லை. சாப்பிட்டபின் குரல் நீர் கோத்ததுபோல் கரகரப்பதும், சில நாளாகக் காரணமில்லாமல் லேசான காய்ச்சல் வருவதும் அதே அடையாளம்தான். நீரைக் கெட்டியாக்கிக் கொடுக்கச் சொல்லியிருந்தால், சொன்ன பக்குவத்திலேயே கொடுங்கள். பாவமாக இருக்கிறதே என்று ஒரு டம்ளர் வெறும் தண்ணீர் கொடுத்து நிமோனியாவை வரவழைக்க வேண்டாம்.

சிறுநீர்க் குழாய்

சிறுநீர் சேரும் யூரின் பேக் எப்போதும் உடம்புக்குள் இருக்கும் சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக் கூடாது. மூன்றில் இரண்டு பங்கு நிறைவதற்குள் காலி செய்து, மில்லிலிட்டரில் அளந்து எழுதுங்கள். பையில் எதுவும் சேரவில்லை என்றால் முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா, அவர் அதன் மேல் படுத்திருக்கிறாரா என்று பாருங்கள். சரிசெய்தும் வராமல் அடிவயிறு உப்பினால் உடனே அழையுங்கள். அடைப்பை எடுக்க நீங்களே தண்ணீர் செலுத்தக் கூடாது.

உடனே அழைக்க வேண்டியவை

முகம் ஒரு பக்கம் தொங்குவது, ஒரு கை தளர்வது, பேச்சுக் குழறுவது: பக்கவாதம். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதுதான் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி. அடைப்பைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

ரத்தச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் வியர்வை, நடுக்கம், குழப்பம் வரும். நினைவோடு விழுங்க முடிகிறவருக்கு 15 கிராம் சர்க்கரையை, அதாவது மூன்று நான்கு டீஸ்பூனைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

இதயம் பலவீனமானவரை தினமும் காலையில், சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில் எடை பாருங்கள். ஒரு வாரத்தில் 2 கிலோ கூடினால் அது சதை இல்லை, தேங்கிய நீர்.

மறதிநோய் உள்ளவர் ஒரே நாளில் திடீரென்று அதிகமாகக் குழம்பினால் ‘நோய் முற்றிவிட்டது’ என்று விட்டுவிடாதீர்கள். மறதிநோய் மெல்ல நகரும். திடீர்க் குழப்பத்துக்குப் பின்னால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, புதிய மருந்து என்று பெரும்பாலும் ஏதாவது இருக்கும். இதை முதலில் பார்க்கக்கூடியவர் நீங்கள்தான். மற்றபடி, அவர் குளிக்க மறுத்தால் வாதாட வேண்டாம். இருபது நிமிடம் கழித்து வேறு பேச்சோடு திரும்ப வாருங்கள்.

ரத்த அழுத்தம் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வையுங்கள், கை இதயத்தின் மட்டத்தில் இருக்கட்டும், பேச விடாதீர்கள். கையில் சுற்றும் பட்டை சிறியதாக இருந்தால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். டயாலிசிஸுக்கு ரத்தக்குழாய் இணைப்புச் செய்த கையில் எக்காரணத்தாலும் பட்டை கட்டக் கூடாது.

எழுதுவது, சொல்வது, எல்லை காப்பது

“சரியாகச் சாப்பிடவில்லை” என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. “மதியம் 1 மணி: தட்டில் கால்வாசி சாப்பிட்டார், இரண்டு முறை இருமினார், தண்ணீர் 150 மில்லி” என்று எழுதுங்கள். நடந்தவுடன் எழுதுங்கள், மாலையில் நினைவிலிருந்து எழுத வேண்டாம். பிழையை ஒரு கோடு போட்டு அடித்துக் கையெழுத்திடுங்கள், மேலே பூசி மறைக்கக் கூடாது. தொலைபேசியில் அழைக்கும்போது யார், இப்போது என்ன, வழக்கமாக எப்படி, நான் என்ன செய்தேன், எனக்கு என்ன வேண்டும் என்ற வரிசையில் சொன்னால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

மருந்தில் உங்கள் பங்கு எதுவரை என்பதை விதியும் பராமரிப்புத் திட்டமும் சொல்லும். மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கும் முன் கேளுங்கள். மெல்லக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடித்தால் நாள் முழுவதற்கான மருந்தும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கும். ஊசி குத்திவிட்டால் பிதுக்காமல் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, உடனே மேற்பார்வையாளரிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கினால் இன்னும் நல்லது.

நோயாளியின் ஏடிஎம் அட்டையை வாங்காதீர்கள், கடன் கேட்காதீர்கள், எந்தத் தாளிலும் சாட்சிக் கையெழுத்துப் போடாதீர்கள், அவரைப் படம் எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அன்பளிப்பு வந்தால் ஏஜென்சிக்குத் தெரியட்டும். அவர் உடம்பில் விளக்கமில்லாத கன்றல் இருந்தாலோ, யாரையோ கண்டால் பயந்து ஒடுங்கினாலோ, பார்த்ததை அப்படியே எழுதி மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். விசாரிப்பது உங்கள் வேலை இல்லை, சொல்வது உங்கள் வேலை.

மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டவர் இறந்துபோவார். அடுத்த நாளே வேறு வீட்டுக்குப் போகச் சொன்னால், இரண்டு நாள் இடைவெளி கேளுங்கள். அது கேட்கக் கூடாத சலுகை ஒன்றும் இல்லை.

ஷிப்ட் முடியும் கடைசி அரை மணி நேரத்தில் புது வேலை எதையும் தொடங்காதீர்கள். யூரின் பேக்கைக் காலி செய்து அளவு எழுதுங்கள், நிலை மாற்றிப் படுக்க வையுங்கள், கட்டிலைத் தாழ்த்துங்கள், பிரேக்கைப் பாருங்கள், தண்ணீரும் அழைப்பு மணியும் பலமான கைக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். அடுத்து வருபவரிடம் நோட்டைக் கொடுப்பதோடு நிற்காமல், கட்டிலருகே அழைத்துப் போய் கடைசியாக எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் திருப்பினீர்கள், தோலில் எந்த இடத்தைக் கவனிக்க வேண்டும், இன்று எது வழக்கத்துக்கு மாறாக இருந்தது என்று காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.